வெப்பத்தை அளந்த மெல்லிய படலம்

2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள், கொச்சிக் கப்பல் கட்டுந்தளத்தில் உருவான மாபெருங் கப்பலொன்று முதன்முறையாகக் கடலோட்டச் சோதனைக்குப் புறப்பட்டது. கொச்சித் துறையிலிருந்து ஆழ்கடல் புகும் எக்கப்பலும் போர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடைப்பட்ட துறைமுக வாயிலைக் கடந்தேயாக வேண்டும். ஆதலின், மட்டாஞ்சேரியிலும் போர்ட் கொச்சியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தாருக்கு அக்கப்பல் அயலாரின் செய்தியன்று. நம் வீட்டு வாயிலைக் கடந்து சென்ற செய்தியே ஆகும். 262 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் அடிமரம் இடப்பெற்று, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் 'விக்ராந்த்' என்னும் பெயருடன் நம் நாட்டுக் கடற்படையில் சேர்க்கப்பெற்றது.

இந்நாட்டில் கட்டப்பெற்ற முதல் விமானந்தாங்கிக் கப்பல் இது என்று நாம் அனைவரும் பெருமை கொண்டோம். அப்பெருமை தக்கதே. ஆயினும், அத்துணைப் பெரிய இரும்புக் கோட்டையை நீரைக் கிழித்துச் செல்ல உந்துவது எது என்று வினவியவர் நம்முள் சிலரே. அதனுள் நான்கு வாயு டர்பைன்கள் உள்ளன. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 88 மெகாவாட் ஆற்றலைத் தருவன. அவை அமெரிக்க நாட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 'எல்.எம். 2500' என்னும் வகையைச் சேர்ந்தவை. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தாரால் பொருத்தி முடிக்கப்பெற்றவை. உடல் நம்முடையது, உயிர்ப்பொறியோ பிறர் வகுத்தது. ஏன் அவ்வாறு ஆயிற்று என்னும் வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது, நாம் வந்து நின்ற இடம் வியப்பானது. மயிரிழையின் நூற்றிலொரு பங்கினும் மெல்லியதாகிய ஓர் உலோகப் படலத்தின் வரலாறே அவ்விடம். அவ்வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுதிவைப்பது பொருத்தமெனக் கருதினோம்.

ஈரவிரலும் இஸ்திரிப் பெட்டியும்

கடினமான பொருளைக் கைக்கெட்டிய பொருளிலிருந்து தொடங்குதல் நலம். போர்ட் கொச்சியில் 'வெளி' என்னும் இடத்திலுள்ள தோபிகானாவை அறியாதார் நம்மில் இல்லை. அங்கு வெளுப்புத் தொழில் புரியும் தமிழ்க் குடும்பத்தார், ஒல்லாந்தர் காலத்தில் படையினரின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பெற்றவர்களின் வழியினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நம் இனத்தார் இவ்வூரில் வேரூன்றிய கதைகளுள் அதுவும் ஒன்று.

சிரட்டைக்கரி கனன்று கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டி எவ்வளவு சூடாயிருக்கிறது என்பதை அத்தொழிலில் தேர்ந்தவர் எவ்வாறு அறிவார்? நீரில் நனைத்த விரல் நுனியால் அடித்தகட்டை ஒரு கணம் தொட்டு எடுப்பார். 'சுர்' என்னும் ஓசையிலேயே அளவு தெரிந்துவிடும். பட்டுக்கு ஆகுமா, பருத்திக்கு ஆகுமா என்பதை அந்த ஒரு கணம் சொல்லிவிடும். விரல் சுடுவதில்லை. ஏன்? நீர் ஒருவாறு காப்பது உண்மை. அதனினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. வெப்பம் ஒரு பொருளின் உள்ளே புகுவதற்குக் காலம் வேண்டும். தொட்ட கணத்துக்குள் அது தோலின் மேற்பரப்பை மட்டுமே எட்டுகிறது. உட்சதையை எட்டுமுன் விரல் விலகிவிடுகிறது. மேற்பரப்போ அதற்குள் தான் அறிய வேண்டியதை அறிந்துகொள்கிறது.

குறுகிய நேரம் தொடுக, மேற்பரப்பின் மாறுதலைக் காண்க, அதிலிருந்து உட்பாயும் வெப்பத்தைக் கணிக்க: இதுவே நாம் கூறப்போகும் விஞ்ஞான முறையின் சாரம். கைத்தொழிலில் பழகிய உண்மை ஆய்வுக்கூடத்தில் எண்ணாக மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது. அக்காலத்தை இனிக் காண்போம்.

நீராவியின் காலம்

நீராவியின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டர்பைனை இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் பார்சன்ஸ் 1884ஆம் ஆண்டு அமைத்தார். 1897இல் விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக ஸ்பிட்ஹெட் துறையில் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுத்து நின்றபோது, அவருடைய 'டர்பினியா' என்னும் சிறு கப்பல் அழைப்பின்றி அதனூடே 34 கடல்மைல் வேகத்தில் பாய்ந்தோடியது. பிடிக்கச் சென்ற படகுகள் பின்தங்கின. அன்றே கடற்படைகளின் போக்கு மாறிவிட்டது. 1961ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் நம் நாட்டுக் கொடியேற்றிய பழைய விக்ராந்த் கப்பலும் பார்சன்ஸ் வகை நீராவி டர்பைன்களாலேயே இயங்கியது.

அப்பழைய கப்பலின் வாழ்வில் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் உரியது. 1970ஆம் ஆண்டு அதன் கொதிகலன்களின் நீர்க்கலங்களில் உட்புற விரிசல்கள் காணப்பெற்றன. வெப்பமும் அழுத்தமும் மாறிமாறித் தாக்கக் களைத்துப்போன உலோகத்தின் விரிசல்கள் அவை. பற்றவைத்துச் சரிசெய்ய இயலாதவை. மறு ஆண்டே போர் வந்தது. குறைந்த வேகத்திலேயே கப்பல் வங்கக் கடலில் பணியாற்றி, தன் கடமையைச் செம்மையாக முடித்தது. வீரர்களின் திறத்தை அது காட்டுகிறது. உலோகத்தின் உள்ளே வெப்பம் செய்யும் வேலையை அறியாதிருப்பது எத்துணை இடர் என்பதையும் அதுவே காட்டுகிறது.

நீராவிப் பொறியின் சுவருக்குள் வெப்பம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை அளக்க முதலில் முயன்றவர்களுள் ஹியூ காலண்டர் என்பவர் தலைசிறந்தவர். உலோகம் சூடாகுந்தோறும் அதன் மின்தடை மாறும் என்பதை 1821இல் ஹம்ப்ரி டேவி கண்டிருந்தார். அவ்வுண்மையைக் கொண்டு, பிளாட்டினக் கம்பியின் மின்தடையால் வெப்பநிலையைத் துல்லியமாக அளக்கலாம் என்பதை 1887இல் காலண்டர் நிறுவினார். பின்னர்க் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, நிக்கல்சன் என்பாருடன் சேர்ந்து, ஓடும் நீராவிப் பொறியின் உருளைச் சுவரில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்தார். உள்ளே நீராவியின் வெப்பநிலை பெரிதும் ஏறியிறங்கியபோதும், இரும்புச் சுவரின் ஏற்றத்தாழ்வு சில பாகைகளே. அதுவும் சிறிது ஆழத்துக்குள் தேய்ந்து மறைந்தது. அந்தச் சிறு ஏற்றத்தாழ்விலிருந்தே சுவருக்குள் பாயும் வெப்பத்தைக் கணக்கிட்டு 1897இல் வெளியிட்டனர். இரும்பின் மேற்பரப்பையே சாட்சியாக நிறுத்தி வெப்பத்தை விசாரித்த முன்னோடிகள் இவர்கள் எனலாம்.

நெருப்பில் சுழலும் தகடுகள்

நீராவிக்குப் பின் வந்தது எரிவாயு. காற்றை உள்ளிழுத்து அமுக்கி, எரிபொருள் கலந்து எரித்து, அந்தத் தீக்காற்றையே டர்பைன் மேல் பாய்ச்சும் பொறி வாயு டர்பைன். ஃபிராங்க் விட்டில் என்பாரின் பொறி 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இங்கிலாந்தில் முதன்முதலாக ஓடியது. ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் வகுத்த பொறி 1939 ஆகஸ்டு 27இல் ஒரு விமானத்தையே பறக்கச் செய்தது.

இப்பொறியின் துன்பம் யாவும் அதன் தகட்டில் உள்ளது. தொழிலாளர் 'பிளேடு' என்று வழங்கும் விரலளவு, கையளவுத் தகடுகளே தீக்காற்றின் நேர்த்தாக்குதலை ஏற்பவை. காற்று எவ்வளவு சூடாக உள்ளதோ அவ்வளவுக்குப் பொறியின் திறன் உயரும். ஆனால் தகடோ உருகும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ஜூமோ 004 என்னும் பொறியில், நிக்கல் முதலிய அரிய உலோகங்கள் கிட்டாமையால், உட்குடைவான எஃகுத் தகடுகளின் உள்ளே குளிர்காற்றைச் செலுத்தினர். அவ்வாறு செய்தும் அப்பொறியின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரமே. இக்காலப் பெரிய விமானப் பொறிகளில் தகட்டின் மேல் பாயும் வாயுவின் வெப்பநிலை 1500 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. தகட்டின் நிக்கல் உலோகமோ அதற்கும் குறைவான வெப்பத்திலேயே உருகிவிடக்கூடியது. உட்புறத்துக் குளிர்காற்றும், நுண்துளைகளின் வழியே வெளிவந்து போர்வைபோல் மூடும் காற்றுமே தகட்டைக் காக்கின்றன.

எவ்விடத்தில் எத்தனை துளை வேண்டும்? எவ்வளவு காற்று வேண்டும்? மிகுதியாக விட்டால் பொறியின் திறன் குன்றும். குறைந்தால் தகடு அழியும். தகட்டின் வெப்பநிலையைக் கணிப்பதில் 30 பாகை பிழைத்தாலே அதன் ஆயுள் பாதியாகக் கூடும் என்பது இத்துறையினர் வழங்கும் கணக்கு. ஆகவே தகட்டின் ஒவ்வோரிடத்திலும் எத்துணை வெப்பம் பாய்கிறது என்பதை அளந்தே தீரவேண்டும். ஆனால் எதைக் கொண்டு அளப்பது? தடித்த அளவுகோலைத் தகட்டில் பொருத்தினால் காற்றின் ஓட்டமே கலைந்துவிடும். அளக்க வந்த பொருளே அளவைக் கெடுத்துவிடும்.

பீங்கான் மேல் பிளாட்டினம்

இவ்வினாவுக்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1950களின் நடுவில், விண்ணிலிருந்து காற்று மண்டலத்துள் அதிவேகமாக மீளும் கலங்கள் எவ்வளவு சூடாகும் என்பதை அறிய அமெரிக்கர் முனைந்தனர். அந்த வேகத்தை ஆய்வுக்கூடத்தில் 'அதிர்ச்சிக் குழாய்' ஒன்றில் மட்டுமே உண்டாக்க முடிந்தது. அதுவும் வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே. அக்கணத்துக்குள் விழித்துக்கொள்ளும் வெப்பமானி வேண்டும். பஃபலோ நகரத்துக் கார்னெல் வானூர்தி ஆய்வுக்கூடத்தில் விடால் என்பவரும், பிற இடங்களில் வேறு சிலரும், ஏறத்தாழ ஒரே காலத்தில் பிளாட்டினப் படலத்தைக் கையாண்டனர்.

அதைச் செய்யும் முறை நம் வீட்டு அலமாரியை நினைவூட்டும். தேநீர்க் கோப்பையின் விளிம்பில் பொன்வரையும் வெள்ளிவரையும் தீட்டுவதற்குப் பீங்கான் தொழிலார் பயன்படுத்தும் உலோகக் கரைசல்கள் உண்டு. அவற்றுள் பிளாட்டினக் கரைசலைத் தூரிகையால் பீங்கான் அல்லது படிகக்கல் மீது மெல்லிய கோடாகத் தீட்டி உலையில் சுட்டால், மற்றவையெல்லாம் ஆவியாகிப் பிளாட்டினம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பாலின் மேல் படியும் ஏடு பாலோடு ஒன்றியிருப்பதுபோல அது பீங்கானோடு ஒன்றிவிடும். அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு கூட இல்லை. அத்துணை மெல்லியதாகையால் காற்றோட்டத்தை அது கலைப்பதில்லை. தனக்கென வெப்பம் ஏதும் சேர்த்து வைப்பதுமில்லை. பீங்கானின் மேற்பரப்பு என்ன வெப்பநிலையோ அதுவே படலத்தின் வெப்பநிலை. வினாடியில் பத்துலட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது மாறுதலை உணர்ந்துவிடும். அதில் சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்தடை மாறுவதைப் பதிவு செய்தால் போதும்.

பீங்கானைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அதனுள் வெப்பம் மெல்லவே செல்லும். பத்திலொரு பங்கு வினாடியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழமே எட்டும். ஆகவே சில மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் தகடு, அச்சிறு நேரத்தில், முடிவற்ற ஆழமுடையதுபோல் நடந்துகொள்ளும். ஃபூரியே 1822இல் எழுதிவைத்த வெப்பக் கணிதம் இத்தகைய பொருளுக்கு எளிய விடை தரும்: ஒரே அளவாக வெப்பம் பாய்ந்தால் மேற்பரப்பின் சூடு காலத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப உயரும். நான்கு மடங்கு நேரம் சென்றால் சூடு இருமடங்கு ஏறும். ஏறிய சூட்டைக் கண்டு பாய்ந்த வெப்பத்தைச் சொல்லிவிடலாம். ஈரவிரலின் கணக்கும் இதுவே.

தந்தி வடம் திருப்பித் தந்த கடன்

இங்கு இன்னொரு வேடிக்கையான வரலாற்றைக் கூறாமல் இருக்க இயலவில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தந்தி வடம் இட எண்ணிய காலத்தில், குறிப்பொலிகள் வடத்தில் மங்கித் தேய்வது ஏன் என்னும் வினா எழுந்தது. 1855இல் வில்லியம் தாம்சன் என்பவர், வடத்தில் மின்சாரம் பரவும் முறையும் இரும்பில் வெப்பம் பரவும் முறையும் ஒரே கணிதத்துக்கு உட்பட்டவை என்று காட்டினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. அவ்வாறு மின்னியல் வெப்பவியலிடம் கடன் வாங்கிற்று.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் அக்கடன் திருப்பித் தரப்பட்டது. படலம் தருவது மேற்பரப்பின் வெப்பநிலை. நமக்கு வேண்டியதோ உட்பாயும் வெப்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிடுவது, கணினி அரிதாயிருந்த நாளில், பெருந்தொல்லை. கனடாவில் மேயர் என்பவர் 1960இல் ஒரு வழி கூறினார்: மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் வரிசையாகக் கோத்துச் சிறியதொரு 'தந்தி வடம்' செய்து, படலத்தின் மின்னழுத்தத்தை அதில் செலுத்தினால், அதனுள் ஓடும் மின்னோட்டமே பாயும் வெப்பத்தின் அளவாகும். கணிதம் செய்ய வேண்டியதைக் கம்பிகள் தாமே செய்து முடித்தன.

இம்முறையைப் போர்க்கலங்களின் ஆய்வினின்றும் டர்பைன் தகடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தாருக்குச் சிறப்பிடம் உண்டு. ஷூல்ட்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர் 1973இல் எழுதிய நூல் இத்துறையினர்க்கு இன்றும் கையேடாக விளங்குகிறது. குழாயினுள் இலேசான உந்துகட்டை ஒன்றால் காற்றை அமுக்கிச் சூடேற்றி, ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் தகட்டின் மீது பாய்ச்சும் சுரங்கத்தையும் அவர்கள் அமைத்தனர்.

'ஒரு வினாடிச் சோதனை, மணிக்கணக்கில் ஓடும் பொறிக்கு எப்படிச் சான்றாகும்?' என்று கேட்கலாம். தக்க கேள்வியே. கெல்வின் அளவையில் பொறியின் வாயு 1800 ஆகவும் தகடு 1200 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம், விகிதம் ஒன்றரை. ஆய்வுக்கூடத்தில் தகடு அறையின் சூட்டில் 300 ஆக இருக்க, காற்று 450 ஆயின், அங்கும் விகிதம் ஒன்றரையே. காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் அதற்கேற்ப ஒப்புமைப்படுத்திவிட்டால், தீயில்லாமலே தீயின் நடத்தையைப் படிக்கலாம். தகடு கெடாது, செலவு குறையும், அளவும் நம்பத்தக்கதாகும்.

இம்முறையால் அறிந்தவை பல. தகட்டின் முன்விளிம்பிலே வெப்பம் மிகுதியாகத் தாக்குகிறது. தகட்டின் முதுகுப்புறத்தில் காற்று அமைதியாக வழுக்கிச் செல்லும் வரை வெப்பம் குறைவு. ஓட்டம் கலங்கிய இடத்திலிருந்து அது பன்மடங்கு உயர்கிறது. மேலும் முன்னே அசையாது நிற்கும் தகடுகளின் பின்னால் உண்டாகும் காற்றுச் சுழிகள், சுழலும் தகட்டை இடைவிடாது அறைகின்றன. நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழலும் சக்கரத்தின் முன்னே 36 நிலைத்தகடுகள் இருப்பின், வினாடிக்கு 6,000 அறைகள் விழும். ஒவ்வோர் அறையையும் தனித்தனியே கண்டுசொல்ல இப்படலத்தாலே முடிந்தது. 1980களில் ஆக்ஸ்போர்டில் டூர்லி, ஓல்ட்ஃபீல்டு என்போர் இவ்வறைகளை ஆராய்ந்தனர். பஃபலோவின் பழைய கார்னெல் கூடம் 'கால்ஸ்பன்' எனப் பெயர் மாறிய பின், டன் என்பவர் சுழலும் முழு டர்பைனிலேயே படலங்களைப் பதித்து அளந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எப்ஸ்டீன் முதலியோர் வளையும் பிளாஸ்டிக் தாளின் இருபுறமும் படலமிட்டு, அத்தாளை உலோகத் தகட்டில் ஒட்டும் முறையைக் கண்டனர். உண்மைப் பொறியின் தீயிலேயே நின்று அளப்பதற்கு, அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கிளீவ்லாந்துக் கூடத்தார் தகட்டின் மேல் அலுமினா என்னும் காப்புப் படலமும், அதன் மேல் பிளாட்டினம், பிளாட்டின-ரோடியம் ஆகிய இரு உலோகப் படலங்களும் படியச் செய்தனர்.

நம் நாட்டில்

நிற்க. இவையெல்லாம் நடந்தபோது நம் நாடு கைகட்டி நின்றதா எனின், இல்லை. 1951இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்த சதீஷ் தவன், ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை ஆராயும் கருவிகளை அங்கே அமைத்தார். 1959இல் தேசிய வானூர்தி ஆய்வகம் தோன்றியது; அதன் முதல் இயக்குநர் பி. நீலகண்டன். அதே ஆண்டில் தோன்றிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 1967 முதல் 1973 வரை இயக்குநராயிருந்த ஆர்க்காடு இராமச்சந்திரன் வெப்பப் பரிமாற்றத் துறையில் தேர்ந்த அறிஞர். இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பின்னர் அமைந்த அதிர்ச்சிக் குழாய்களில், 'மாக்கர்' என்னும் பீங்கான் மேல் பதித்த பிளாட்டினப் படலங்கள் நம்மவர் கைகளாலேயே செய்யப்பெற்றுப் பயன்பட்டு வருகின்றன. நமக்கு அண்மையில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், பெரியதோர் அதிவேகக் காற்றுச் சுரங்கமும் அதிர்ச்சிக் குழாயும் 2017இல் திறக்கப்பெற்று, சதீஷ் தவன் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆயினும் விண்கலத்தின் வெப்பத்தை அளந்த அளவுக்கு டர்பைன் தகட்டின் வெப்பத்தில் நாம் வெற்றி காணவில்லை. பெங்களூர் வாயு டர்பைன் ஆராய்ச்சி நிலையத்தார் 1989இல் மேற்கொண்ட போர்விமானப் பொறிக்குத் தென்னாட்டு ஆற்றின் பெயரைச் சூட்டினர்: காவேரி. தமிழ் நெஞ்சுக்கு இனிய பெயர். 1996இல் அது முதலில் ஓடியது. எனினும் வேண்டிய உந்துவிசையையும் எடைக் குறைவையும் எட்ட இயலாமல், 2008இல் தேஜஸ் விமானத் திட்டத்தினின்றும் அது பிரிக்கப்பட்டது. தேஜஸ் அயல்நாட்டுப் பொறியுடன் பறக்கிறது. காவேரியிலிருந்து பிறந்த கடற்பொறி ஒன்று விசாகப்பட்டினத்துக் கடற்படைத் தளத்தில் 12 மெகாவாட் அளவுக்குச் சோதிக்கப்பெற்றது. விக்ராந்தை உந்தும் பொறி ஒவ்வொன்றும் தருவதோ ஏறத்தாழ 22 மெகாவாட்.

குறை கூறுவது நம் நோக்கமன்று. அத்தகடுகளை வார்க்கும் உலோகவியலும், குளிர்விக்கும் கலையும் எந்நாட்டாரும் எளிதில் கற்றவையல்ல. எல்.எம். 2500 பொறியே பெரிய விமானப் பொறி ஒன்றின் வழித்தோன்றல். அதன் பின்னே பல்லாயிரம் அளவீடுகளின் செல்வம் கிடக்கிறது. பொறியை விலைக்குத் தருவார்கள். பொருத்தவும் கற்றுத் தருவார்கள். தகட்டின் எவ்விடத்தில் எத்துணை வெப்பம் பாய்ந்தது என்னும் ஏட்டை மட்டும் எவரும் தரமாட்டார்கள். அவ்வேட்டை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்ள வேண்டும். கேளாமலே பிறர் தரும் பொருள் அளவறிவு அன்று.

நம் கடமை

மட்டாஞ்சேரித் தமிழர்க்கு இதில் என்ன கடமை என்று கேட்பவர் உண்டு. வணிகத்துக்கும் தொழிலுக்கும் வந்த நம் முன்னோர், எடையிலும் அளவிலும் பொய்யாமையாலேயே இவ்வூரில் நற்பெயர் பெற்றனர். மிளகைக் கையில் ஏந்திய மாத்திரத்தில் அதன் ஈரத்தை அறிந்தவரும், சுர் என்னும் ஓசையில் வெப்பத்தை அறிந்தவரும் நம்மிடையே இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவ்வறிவு கையோடு நின்றுவிட்டது. எண்ணாக ஏட்டில் ஏறவில்லை. காலண்டரும் விடாலும் செய்த பெருஞ்செயல் யாதெனின், விரலறிந்ததை எண்ணாக்கிப் பிறர் கையில் கொடுத்ததேயாகும்.

நம் காலனிப் பிள்ளைகள் பலர் பொறியியல் பயில்கின்றனர். களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத்துக்கே தனித்துறை இருக்கிறது. வேலை, ஊதியம், அயல்நாடு என்பவற்றைப் பற்றி அவர்களிடம் நிரம்பப் பேசுகிறோம். பொறுமையாக ஒன்றை அளந்து, அளந்ததை மறைக்காமல் எழுதி, பிழை கண்டால் மீண்டும் அளக்கும் பழக்கத்தைப் பற்றி எப்போதேனும் பேசுகிறோமா? ஒரு கணச் சோதனைக்குப் பல திங்கள் ஆயத்தம் செய்யும் மனம் அப்பழக்கத்தினின்றே பிறக்கும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்கும் கோலப் போட்டிக்கும் பாட்டுக்கும் பரிசு வழங்குகிறோம். இனி, ஓராண்டுக் காலம் ஏதேனும் ஒன்றை நாள்தோறும் அளந்து குறித்து வரும் சிறுவர் சிறுமியர்க்கும் ஒரு பரிசு வைப்போம். முற்றத்தில் பெய்த மழையாகலாம், கிணற்று நீரின் உப்பாகலாம், உப்பங்கழியின் ஏற்றவற்றமாகலாம், தோபிகானாவின் இஸ்திரிப் பெட்டி ஆறும் நேரமுமாகலாம். அக்குறிப்பேடுகளை அடுத்த மலரில் அச்சிடுவோம்.

விக்ராந்த் மீண்டும் மீண்டும் நம் துறைமுக வாயிலைக் கடக்கும். அதன் வழியில் இன்னும் பல கப்பல்கள் நம் கட்டுந்தளத்தில் பிறக்கும். அவற்றுள் ஒன்றின் தீப்பொறியை நம் நாடே வகுத்ததென்று கூறும் நாள் வருமாயின், அதற்குரிய ஏட்டில் ஒரு பக்கத்தையேனும் நம் காலனிப் பிள்ளை ஒருவர் எழுதியிருத்தல் வேண்டும். அதுவே நம் விருப்பம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!